புதுச் சட்டை போட்டும் ஏன் உள்ளே விடவில்லை?



'காக்கா முட்டை' படம் பார்த்திருக்கிறீர்களா? மணிகண்டன் இயக்கி, 2015-ம் ஆண்டு வெளிவந்த படம். சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருது பெற்றது. சென்னையில் ஒரு குடிசைப் பகுதி. அங்கே இரண்டு அண்ணன் தம்பி. அவர்கள் விளையாடிய இடத்தில் ஒரு பீட்சா கடை வருகிறது. அதைச் சாப்பிட ஆசைப்பட்டு, ரயில் பாதையில் விழும் கரியைப் பொறுக்கி விற்றுக் காசு சேர்க்கிறார்கள். காசு சேர்ந்தது. ஆனால், அழுக்குச் சட்டை என்று கடை வாசலிலேயே விரட்டி விடுகிறார்கள். சரி என்று புதுச் சட்டை தேடிப் போட்டுக்கொண்டு மறுபடியும் போகிறார்கள். அப்போதும் உள்ளே விடவில்லை. அடிதான் விழுகிறது!

இப்போது இன்னொரு கதை. இது நிஜமாக நடந்தது. 1901-ம் ஆண்டு. டாக்டர் அம்பேத்கர் அப்போது சின்னப் பையன். கோரேகாவ்ன் என்ற ஊரில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்க, அண்ணன், அக்கா பிள்ளைகளுடன் ரயிலில் போகிறார். பயணத்துக்கென்றே எல்லாருக்கும் புதுத் துணி, புதுத் தொப்பி. மசூர் ரயில் நிலையத்தில் இறங்கினால், அழைத்துப் போக யாரும் வரவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் முதலில் அன்பாகத்தான் விசாரித்தார். என்ன ஜாதி என்று தெரிந்ததும் அவர் முகமே மாறிவிட்டது. மாட்டு வண்டிக்காரர்கள் யாரும் ஏற்றிக்கொள்ள மறுத்தார்கள். கடைசியில், இரண்டு மடங்கு கூலிக்கு ஒருவர் ஒப்புக்கொண்டார். அதுவும், பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும். அவர் கூட நடந்து வருவார்! கையில் சாப்பாடு இருந்தும், அன்று ராத்திரி குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் பட்டினியாகத் தூங்கினார்கள். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறு நூலில் அம்பேத்கரே இதை எழுதியிருக்கிறார். தமிழிலும் கிடைக்கிறது.

இரண்டு கதைகளுக்கும் நடுவே நூறு வருஷத்துக்கு மேல் இடைவெளி. இரண்டிலும் பிள்ளைகள் புதுச் சட்டை போட்டிருந்தார்கள். அப்படியென்றால், தடுத்தது சட்டையா? வேறு எதுவோவா?

இந்தக் கேள்வியை உங்கள் நண்பர்களோடு உட்கார்ந்து பேசிப் பாருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் 33 ஆண்டுகள் இடைநிலை ஆசிரியையாக இருந்தவள். ஆவடிப் பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு இந்த மாட்டு வண்டிக் கதையை ஒருமுறை சொன்னேன். பிள்ளைகள் எல்லாரும், "ஐயோ பாவம் டீச்சர்!" என்றார்கள். ஒரு பையன், "அதெல்லாம் அந்தக் காலம் டீச்சர், இப்போ இல்லே" என்றான். எனக்கும் அது திருப்தியாக இருந்தது.

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "எங்கம்மா வேலை செய்யற வீட்டுலே அவங்களுக்குத் தனி டம்ளர் வெச்சிருக்காங்க டீச்சர்" என்றாள்.

வகுப்பே அமைதியாகிவிட்டது. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "சரி, உட்காரு. அடுத்த பாடத்தை எடுங்க" என்றேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், சமையலறை ஜன்னல் திட்டைப் பார்த்தேன். பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவுக்கு காபி கொடுக்கும் டம்ளர், அங்கே தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. என் மாமியார் காலத்திலிருந்தே அது அங்கேதான் இருந்தது. தினமும் அதைப் பார்த்திருக்கிறேன். அன்றுதான் அது என் கண்ணில் பட்டது.

மறுநாள் எங்கள் டம்ளரிலேயே காபி கொடுத்தேன். அந்த அம்மா வாங்கத் தயங்கினார். ஆனால், வகுப்பில் அந்தப் பெண்ணிடம், "நீ சொன்னது சரிம்மா, நான்தான் பயந்துட்டேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்றுவரை அது எனக்கு வருத்தம்தான்.

"படிக்கிற பிள்ளைகளுக்கு எதுக்கு இந்தப் பேச்செல்லாம்? வம்பாயிடும்" என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால், எந்த டம்ளர் யாருக்கு என்பதை நம் வீட்டுக் குழந்தைகள் ஐந்து வயதிலேயே பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள். பார்க்கிற வயது வந்துவிட்டால், கேட்கிற வயதும் வந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? தீண்டாமையை ஒழித்தாயிற்று என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 17-வது பிரிவு சொல்கிறது. அதைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறீர்கள். அது நம் தெருவில் நடக்கிறதா என்று பேசுவது மட்டும் எப்படித் தப்பாகும்?

சமத்துவத்தைப் பற்றிப் பேசுவது நம் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. 1955 ஜனவரியில் நம் ஆவடியில்தான் காங்கிரஸ் மகாநாடு கூடியது. நேரு வந்திருந்தார். இந்த நாட்டில் சோஷலிச பாணி சமுதாயம் அமைய வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அன்று பெரியவர்கள் பந்தலில் பேசினார்கள். நீங்கள் மொட்டை மாடியில் பேசுங்களேன்! அரசுப் பள்ளிகளில் சிறார் படங்களைத் திரையிடும் திட்டம் 2022-ல் தொடங்கியது. அங்கே படம் பார்த்தவர்கள், மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடாமல் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசலாம்.

எப்படிப் பேசுவது என்று கேட்கிறீர்களா? ஒரு வாத்தியாரம்மாவின் யோசனைகள் சில:

ஐந்து பேர் சேருங்கள். மாதம் ஒரு புத்தகம் அல்லது ஒரு படம் போதும். ஒரே தெரு, ஒரே பள்ளி என்று இல்லாமல் கலந்து சேர்ந்தால் ரொம்ப நல்லது.

நம்மோடு சேர முடியாதவர் யார் என்றும் பாருங்கள். பூந்தமல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி, சுதந்திரத்துக்கு முன்பிருந்தே இருக்கிறது. அச்சடித்த புத்தகம் எல்லாருக்கும் புத்தகம் ஆகிவிடாது. பார்வையற்ற நண்பர் இருந்தால், ஒருவர் சத்தமாகப் படியுங்கள். படம் என்றால், திரையில் நடப்பதைச் சொல்லிக்கொண்டே வாருங்கள்.

யாரையும், "உன் கதையைச் சொல்லு" என்று வற்புறுத்தாதீர்கள். என்ன ஜாதி என்று கேட்கவே கேட்காதீர்கள். தானாக யாராவது சொன்னால், காது கொடுத்துக் கேளுங்கள். என்னைப் போல "அடுத்த பாடம்" என்று தாண்டிப் போகாதீர்கள்.

படம் எடுத்தவர் சொன்னதெல்லாம் சரி என்றும் நினைக்க வேண்டாம். கதாநாயகன் நாலு பேரை அடித்தால் அநியாயம் தீர்ந்துவிடுமா? வாதாடுங்கள். சண்டை வேண்டாம்.

கடைசியாக ஒரு கேள்வி. 'இந்தக் கதையில் நான் யார்?' பீட்சா கடை வாசலில் நின்ற பையனா, விரட்டியவரா, வேடிக்கை பார்த்தவரா? நம்மில் நிறையப் பேர் வேடிக்கை பார்த்தவர்கள்தான். நானும் அப்படித்தான் இருந்தேன்.

கதை கேட்டு அழுவது நல்ல மனசுக்கு அடையாளம். ஆனால், அழுது முடித்துக் கண்ணைத் துடைத்த பிறகு, நம் வீட்டு ஜன்னல் திட்டையும் ஒருமுறை பார்க்க வேண்டும். அங்கே ஒரு டம்ளர் தனியாக இருந்தால், அம்மாவிடம் மரியாதையாகக் கேளுங்கள். "ஏம்மா, இது மட்டும் ஏன் இங்கே இருக்கு?"

கேட்பீர்கள்தானே?