வாரந்தோறும் வேண்டும் குருதிக்கொடை

நோயாளிக்குக் குருதி தேவை என்றதும் உறவினர் படும் அலைச்சலை வாசகர்கள் அறிவார்கள். சேவைச் சங்கங்கள் வாரந்தோறும் கூடி, வரவிருக்கும் விழாக்களோடு குருதிக்கொடை முகாமையும் திட்டமிடுகின்றன. இது போற்றத்தக்கதே. ஆயினும் முகாம் ஒரு நாளில் முடிந்துவிடுகிறது. அதில் கிடைக்கும் தட்டணுக்களை 5 நாட்களுக்கு மேல் சேமிக்க இயலாது.

1905-இல் சிகாகோவில் பிறந்த ரோட்டரி, உறுப்பினர் அலுவலகங்களில் முறைவைத்துக் கூடியதாலேயே அப்பெயர் பெற்றது. கொடைக்கும் அம்முறையே பொருந்தும். ஆண்கள் 3 மாதத்திற்கு ஒருமுறையும் பெண்கள் 4 மாதத்திற்கு ஒருமுறையும் குருதி வழங்கலாம். யானைக்கவுனி வட்டாரச் சங்கங்கள் வாரந்தோறும் சிலரை அருகிலுள்ள ஸ்டான்லி, ராஜீவ்காந்தி அரசு மருத்துவமனைகளின் இரத்த வங்கிகளுக்கு அனுப்பட்டும். நலம்பெற்று வீடு திரும்புவோரின் குடும்பத்தினரும் அவ்வரிசையில் இணைய வேண்டும்.