பெருநாளில் உம்மாவுக்கும் ஒரு கதிரை



பெருநாளன்று தோட்டத்து நண்பர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். நாம் உட்கார்ந்து கதைக்கிறோம். உம்மா மட்டும் அடுப்படியில் ரோல்ஸ், கட்லட் பொரித்துக்கொண்டு நிற்கிறார். இது நியாயமா?

முதல்நாள் காலையே கடலையை ஊறப்போடுங்கள். இரவு படுக்குமுன் தண்ணீரும் உப்பும் சேர்த்து ஸ்லோ குக்கரில் போட்டுவிடுங்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். அதனால் கடலை வேக அதிக நேரம் எடுக்கும். அந்த நேரத்தை குக்கர் பார்த்துக்கொள்ளட்டும், நாம் தூங்குவோம். அது இல்லாத வீட்டில் முதல்நாளே பிரஷர் குக்கரில் அவித்து வைக்கலாம்.

தொழுகை முடிந்து வந்து வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்துத் தேங்காய்ச் சொட்டைப் போட்டுக் கிளறினால் பத்து நிமிட வேலைதான். மரக்கறி மட்டும் சாப்பிடும் நண்பர்களும் தயங்காமல் எடுப்பார்கள்.

ரோல்ஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. பெருநாள் உம்மாவுக்கும்தான் என்கிறேன். இந்த முறை அவருக்கும் ஒரு கதிரை போடுங்கள்.