சிப்பியைத் திறந்து காட்டட்டும்

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் தூத்துக்குடிக் கரையில் வெறும் பேச்சை நம்பி யாரும் ஏலம் கேட்டதில்லை. முதலில் கடலடிச் சிப்பிப் படுகையான பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுப்பார்கள். கிடைத்த முத்துகளைச் சல்லடையில் தரம் பிரித்து, எடைபோட்டு, மதிப்புச் சொன்ன பிறகே குளிப்பு அறிவிக்கப்படும். 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு இல்லை. ஆனால் அந்தக் கறார், இதே கரையில் தொழில் நடத்தும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு அறிக்கைகளுக்கு இன்று தேவைப்படுகிறது.

2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு, பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவும் சொல்கிறது. கணக்கை அந்த வட்டாரத்து மக்களின் மொழியில் காட்டச் சொல்லவில்லை. ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர ஆலையை எடுத்துக்கொள்வோம். அதன் சமூகத் திட்டத்துக்கு ‘முத்துச்சரம்’ என்று பெயர். ஊருக்குப் பொருத்தமான பெயர்தான். மாசுக் குற்றச்சாட்டை நிறுவனம் தொடர்ந்து மறுத்துவந்தது. உச்ச நீதிமன்றமோ, மாசுபடுத்தியதற்கும் உரிய இசைவாணை இல்லாமல் ஆலையை நடத்தியதற்கும் 2013 ஏப்ரலில் 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. ஆலையை எதிர்த்த போராட்டத்தின் மீது 2018 மே மாதம் போலீஸ் நடத்திய துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர், ஆலை மூடப்பட்டது. 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் அந்த மூடலை உறுதிசெய்தபோது, 11 இடங்களில் கொட்டிக் கிடந்த தாமிரக் கசடையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. நல்லதை ஒரு புத்தகத்திலும் கெட்டதை நீதிமன்றக் கட்டுகளிலும் தேட வேண்டியிருந்தால், ஊர் எதைப் பார்த்து முடிவுக்கு வரும்?

மொழிநடையும் ஒரு திரைதான். லாபம் குறைந்த அமெரிக்க நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் படிக்கக் கடினமாக இருப்பதை ஃபெங் லீ என்ற ஆய்வாளர் 2008-ல் காட்டினார். சமூகப் பொறுப்பு அறிக்கைகளில் அந்தத் திரை இன்னும் பளபளப்பானது: ‘நிலைத்த மேம்பாடு உறுதிசெய்யப்பட்டது’ என்று வாக்கியம் ஓடும், பக்கத்திலேயே குடத்தோடு சிரிக்கும் ஒரு பெண்ணின் படம் இருக்கும். குழாய் எத்தனை, தண்ணீர் வாரத்தில் எத்தனை நாள் வந்தது, மோட்டார் பழுதானால் யாரிடம் சொல்வது என்பதெல்லாம் அதில் இருக்காது.

தொழில்நுட்பச் செய்தியை எளிய தமிழில் சொல்ல முடியாது என்ற சாக்கு எடுபடாது. 2006-ன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, பொது விசாரணைக்கு முன் மதிப்பீட்டின் சுருக்கத்தை வட்டார மொழியிலும் தரச் சொல்கிறது. ஆலை வருவதற்கு முன் தமிழில் சொல்ல முடிந்தவர்களுக்கு, வந்த பிறகு என்ன தடை?

ஒன்றிய கம்பெனிகள் விவகார அமைச்சகம் சமூகப் பொறுப்பு விதிகளைத் திருத்த வேண்டும். நான்கு பக்கத் தமிழ் அறிக்கை கட்டாயமாகட்டும். செலவான தொகை, நடந்த வேலை, நின்றுபோன வேலை, அந்த ஆண்டில் வாங்கிய அபராதம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நோட்டீஸ் எல்லாம் அதில் ஒன்றாக இருக்கட்டும். நிறுவனங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டங்கள் பெரும்பாலும் செப்டம்பருக்குள் முடிந்துவிடுகின்றன. அக்டோபர் 2 கிராம சபையில், 2018 போராட்டம் தொடங்கிய அ.குமரெட்டியாபுரம் போன்ற ஊர்களில் அந்த நான்கு பக்கங்களை வாசித்துக் காட்டி, கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பொறுப்புள்ள ஓர் அதிகாரியை நிறுவனம் அனுப்பிவைக்க வேண்டும்.