வெறும் இடமல்ல, ஒருவருக்குரிய இடம்



சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுது. எங்கள் தெருவில் வசிக்கும் ஒரு தாய் கையில் தொலைபேசியுடன் வீட்டு வாசலில் வந்து நின்றார். "மௌலவி, இதக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுங்க. லண்டன்ல மகள் ராவெல்லாம் அழுறா" என்றார். தொலைபேசியில் ஒரு கடிதத்தின் படம் இருந்தது. என்னுடைய ஆங்கிலம் அதற்குப் போதாது. பக்கத்து வீட்டு ஆங்கில ஆசிரியரையும் அழைத்து மூவருமாக உட்கார்ந்து வாசித்தோம். லண்டனில் ஒரு பகுதிச் சபை அனுப்பிய கடிதம் அது. 240 பவுண் கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தது.

என்ன குற்றம்? மருமகன் தமது பெற்றோல் காரை, மின்சாரக் கார்கள் மின்னேற்றுவதற்காக ஒதுக்கிய தரிப்பிடத்தில் நிறுத்திவிட்டு, பிள்ளைக்கு மருந்து வாங்கக் கடைக்குள் போயிருக்கிறார். "பத்து நிமிசந்தான் மாமி, இடமும் வெறுமையாத்தான் கிடந்தது" என்பது அவர் சொன்ன நியாயம்.

நமது சகோதரிகள் பலருடைய மக்களும் மருமக்களும் இன்று பிரித்தானியாவில் வாழ்கிறார்கள். எனவே இந்தச் சட்டத்தைச் சற்று விளக்கமாகவே சொல்லி வைக்கிறேன்.

அங்கே தெருக்களில் வாகனம் நிறுத்தும் ஒழுங்கைப் பெரும்பாலும் பொலிஸார் கவனிப்பதில்லை. அந்தந்தச் சபையின் அலுவலர்களே கவனிக்கிறார்கள். தவறு கண்டால் காரின் முன் கண்ணாடியில் தண்ட அறிவித்தலை ஒட்டிவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு தவறுக்கும் ஓர் இலக்கம் உண்டு. மின்னேற்றும் இடத்தில் மின்னேற்றாமல் நிறுத்துவது 14ஆம் இலக்கத் தவறு. ஒரு வகை வாகனத்துக்கென ஒதுக்கிய இடத்தில் வேறு வகை வாகனத்தை நிறுத்துவது 23ஆம் இலக்கம். மோட்டார் சைக்கிள்களுக்கான இடத்தில் காரை விடுபவர் அகப்படுவது இந்த இரண்டாவதில்தான். இரண்டுமே கூடிய தண்டம் விதிக்கப்படும் வரிசையில் உள்ளவை. லண்டனுக்கு வெளியே இங்கிலாந்தின் மற்றைய ஊர்களில் இதற்குப் பெரும்பாலும் 70 பவுண். லண்டன் பகுதிச் சபைகளின் உயர்ந்த தண்டமோ 2025 ஏப்ரலில் 130 பவுணிலிருந்து 160 பவுணாகக் கூட்டப்பட்டது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மின்சாரக் கார் வைத்திருப்பவரும் இதில் தப்ப முடியாது. கார் மின்சாரக் காராக இருந்தால் மட்டும் போதாது. கம்பி செருகப்பட்டு மின் ஏறிக்கொண்டிருக்க வேண்டும். செருகாமல் சும்மா நிறுத்தினால் அவருக்கும் அதே தண்டம்தான். குறித்த நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்று பலகையில் எழுதியிருந்தால் அதையும் மீற முடியாது.

"பத்து நிமிசம்" என்று மருமகன் சொன்னதிலும் ஒரு தவறான விளக்கம் இருக்கிறது. இங்கிலாந்தில் பத்து நிமிடச் சலுகை ஒன்று உண்டு என்பது உண்மைதான். ஆனால் அது நிறுத்த உரிமையுள்ள இடத்தில் நிறுத்தி, நேரம் முடிந்த பின் சற்றுப் பிந்தி வருபவருக்கு உரியது. நிறுத்தவே உரிமையில்லாத இடத்தில் நிறுத்தியவருக்கு அது பொருந்தாது.

சகோதரிகளே! ஒரு தரிப்பிடத்துக்கு இவ்வளவு கடுமை ஏன் என்று நினைப்பீர்கள். லண்டனில் ஏராளமான வீடுகளுக்குச் சொந்த முற்றம் கிடையாது. தெருவிலேதான் கார் நிற்க வேண்டும். தெரு விளக்குக் கம்பத்திலும் மின்னேற்றும் வசதி வைத்திருக்கிறார்கள். அதிலே மின் மெதுவாகத்தான் ஏறும். 5 கிலோவாட் அளவில் ஏறினால், 60 கிலோவாட் மணி கொள்ளும் பற்றரி நிறையப் பன்னிரண்டு மணித்தியாலம் ஆகும். இரவு வேலை முடிந்து வரும் ஒருவர், தமக்கென ஒதுக்கிய இடத்தில் வேறொரு கார் நிற்பதைக் கண்டால் என்ன செய்வார்? பெற்றோல் கார்க்காரர் அடுத்த நிலையத்தில் ஐந்து நிமிடத்தில் நிரப்பிக்கொண்டு போகலாம். இவரால் அது முடியாது. காலையில் பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கூட்டிச்செல்ல அவருக்குக் கார் இல்லை.

மோட்டார் சைக்கிள் இடமும் அப்படியே. ஒரு கார் அதில் புகுந்தால் நாலைந்து சைக்கிள்களின் இடம் போய்விடும். உணவுப் பொதி கொண்டுபோய் அன்றாடம் பிழைக்கும் இளைஞர்கள் பலர் மோட்டார் சைக்கிளை நம்பியவர்கள். இடமில்லாமல் நடைபாதையில் ஏற்றி நிறுத்தினால் தண்டம் அவர்கள் தலையில் விழும். குற்றம் செய்தவர் ஒருவர், தண்டம் கட்டுபவர் இன்னொருவர்.

இனி, 160 எப்படி 240 ஆனது என்பதைச் சொல்கிறேன். நமது பெண்கள் முக்கியமாக அறிய வேண்டியது இதைத்தான்.

அறிவித்தல் கிடைத்த 14 நாளுக்குள் கட்டினால் பாதித் தொகை போதும். அதாவது 80 பவுண். 28 நாள் வரை முழுத் தொகை. அதற்குள்ளும் கட்டாவிட்டால் காரின் உரிமையாளராகப் பதிவானவருக்குத் தபாலில் ஓர் அறிவித்தல் வரும். அதிலே 28 நாள் தவணை உண்டு. தொகையைக் கட்டலாம், அல்லது காரணம் காட்டி எழுத்தில் ஆட்சேபிக்கலாம். இரண்டும் செய்யாவிட்டால் தண்டம் மேலும் பாதியால் கூடும். 160 அவ்வாறுதான் 240 ஆகிறது. அதன் பிறகும் 14 நாள் சும்மா இருந்தால் அது நீதிமன்றத்தில் கடனாகப் பதிவாகும். பின்னர் கடன் அறவிடும் அலுவலர் வாசலுக்கே வருவார். அவருடைய கட்டணமும் சேரும்.

மருமகன் கண்ணாடியில் ஒட்டியிருந்ததைப் பிடுங்கிக் காரின் உள்ளறையில் போட்டுவிட்டார். வீட்டில் சொல்லவுமில்லை. தபாலில் வந்த கடிதத்தை மகள் விளம்பரத் தாள் என்று நினைத்துப் பிரிக்காமலே ஒதுக்கிவிட்டாள். கணவர் வெட்கத்தால் மறைத்தார், மனைவி மொழி தெரியாத பயத்தால் பிரிக்கவில்லை. 80 பவுணோடு முடிய வேண்டியது இப்படித்தான் வளர்ந்தது.

ஆகவே, வெளிநாட்டில் இருக்கும் பெண்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள். வீட்டுக்கு வரும் எந்தக் கடிதத்தையும் பிரிக்காமல் வைக்க வேண்டாம். விளங்காவிட்டால் விளங்கியவரிடம் காட்டுங்கள். அறிவித்தலில் உள்ள திகதியை முதலில் பாருங்கள். தவறு நம்முடையது என்றால் 14 நாளுக்குள் கட்டிவிடுங்கள். பலகை மறைந்திருந்தது, மின்னேற்றும் கருவி பழுதாயிருந்தது போன்ற நியாயம் இருந்தால், அந்த இடத்தைப் படம் எடுத்து அந்த 14 நாளுக்குள்ளேயே சபைக்கு எழுதுங்கள். அப்படி எழுதியது நிராகரிக்கப்பட்டாலும் பாதித் தொகையைக் கட்டப் பெரும்பாலும் மீண்டும் தவணை தருவார்கள். பின்னர் முறைப்படி ஆட்சேபித்தும் சபை மறுத்தால் சுதந்திரமான தீர்ப்பாயம் இருக்கிறது. அங்கே முறையிடக் கட்டணமில்லை. இது குற்றவியல் வழக்கல்ல. சாரதி அனுமதிப்பத்திரத்தில் புள்ளியும் விழாது. எனவே பயந்து ஒளிக்க எதுவுமில்லை.

கடைகளின் தனியார் தரிப்பிடங்களில் கிடைக்கும் சீட்டு வேறு. அதன் ஆங்கிலச் சுருக்கப் பெயரும் ஒன்றாக இருப்பதால் பலர் மயங்குகிறார்கள். அது சபையின் தண்டமல்ல, காணிக்காரருடன் செய்த ஒப்பந்தத்தை மீறியதற்கான கோரிக்கை. ஆனாலும் அதையும் அலட்சியம் செய்யலாகாது. அவர்களும் நீதிமன்றம் போகலாம். கடிதம் யாரிடமிருந்து வந்தது என்பதை முதலில் பாருங்கள்.

"இடம் வெறுமையாத்தானே கிடந்தது" என்ற பேச்சு மட்டும் என் மனதில் நின்றுவிட்டது. கலியாண வீட்டில் சஹனைச் சுற்றி ஐந்து பேர் அமர்ந்து, ஆறாவது ஆளுக்காகக் காத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இடம் வெறுமைதான். ஆனாலும் கைகழுவப் போனவர் வந்து பார்க்கும்போது அங்கே வேறொருவர் பிசைந்து கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? ஆளில்லாத இடம் வேறு, உரியவர் இல்லாத இடம் வேறு. தண்டம் கட்டிவிட்டால் சபையின் கணக்குத் தீர்ந்துவிடும். அன்று மின்னேற்ற இடமில்லாமல் திரும்பிப் போனவரிடம் மன்னிப்புக் கேட்க, அவர் யாரென்றே நமக்குத் தெரியாதே!

அந்தத் தாயிடம் இதைச் சொன்னபோது சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எனக்கு முன்னாலேயே மகளை அழைத்து, "கூரை வேலைக்கு அனுப்ப வெச்ச காச எடுத்து இண்டைக்கே கட்டுங்க மகள். கூரைய மழைக்கு முந்திப் பார்த்துக்குவம். மருமகன ஏசாதீங்க. ஆனா இனி எதையும் ஒளிக்க வேணாமெண்டு சொல்லுங்க" என்றார்.

நான் சொல்ல நினைத்ததையெல்லாம் அவரே சொல்லிவிட்டார்.