நாய்க்குட்டி கொழுகொழுவென்று வளர்வது நல்லதுதானா?

தெருநாய்களை என்ன செய்வது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 11-ல் ஓர் உத்தரவு போட்டது. அதே மாதம் 22-ம் தேதி அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் மட்டும் கூடாது என்றது. அதற்கு முன்பு 2024 மார்ச்சில், 23 வகை வெளிநாட்டு நாய்களை வளர்க்க உரிமம் தரக்கூடாது என்று மத்திய அரசு மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தக் கடிதத்தை ரத்து செய்தது. இத்தனையிலும் பேச்சு, எந்த நாய் கடிக்கும் என்பது பற்றித்தான். வாங்கிய குட்டியை எப்படி வளர்ப்பது என்று பேசுவோர் குறைவு.

சந்தவாசல், படவேடு பக்கம் மோட்டார் கொட்டகைக்கும் ஆட்டுப்பட்டிக்கும் காவலாக லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, ராட்வைலர் குட்டிகளை வாங்கி வளர்க்கும் விவசாயிகள் இருக்கிறார்கள். நெல், கரும்பு பற்றிப் பேசப் போன இடத்தில் ஒருவர் ஐந்து மாதக் குட்டியைக் காட்டினார். நல்ல கனம். முன்னங்கால் இரண்டும் வெளிப்பக்கம் வளைந்திருந்தன. "கால் வலுக்கட்டும்னு மாட்டுக்கு வாங்கின கால்சியம் டானிக்கையே தினமும் ஊத்துறேன் சார், அப்படியும் சரியாகலையே" என்றார். நான் படித்தது வேளாண்மை. எனவே கால்நடை மருத்துவ நண்பர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் ஆய்வுகளில் படித்ததையும் இங்கே சொல்கிறேன்.

முதலில் கால்சியம். வளர்ந்த நாயின் குடல் தனக்கு வேண்டிய அளவு கால்சியத்தை எடுத்துக்கொண்டு மீதியைக் கழித்துவிடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு சரியாக வந்திருக்காது. நீங்கள் அதிகம் ஊற்றினால் அதிகம் உடம்பில் ஏறும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன் குட்டிகளுக்குக் கூடுதல் கால்சியம் கொடுத்துப் பார்த்தார்கள். எலும்பு உறுதிப்படுவதற்குப் பதிலாக மூட்டுக் குருத்தெலும்பு கெட்டது, கால் கோணியது. கன்று ஈன்ற மாட்டுக்கான டானிக்கும் தாது உப்புக் கலவையும் மாட்டின் உடம்புக்குக் கணக்கிட்டவை. அவற்றை நாய்க்குட்டிக்கு ஊற்றாதீர்கள்.

அதற்காகக் கால்சியமே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வெறும் சோறும் ரசமும் போட்டாலும், வெறும் கறி மட்டும் போட்டாலும் கால்சியம் பற்றாமல் போய், உடம்பு எலும்பிலிருந்தே அதை உருவும். அப்போதும் கால் வளையும், லேசாக விழுந்தாலே எலும்பு முறியும். எலும்பு வேகவைத்த சாற்றில் கால்சியம் நிறைய இருக்கிறது என்பது தவறான நம்பிக்கை. கூடியதா, குறைந்ததா என்று வெறும் கண்ணால் சொல்ல முடியாது. என்ன தீனி போட்டீர்கள் என்பதைக் கேட்டு, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத்தான் மருத்துவர் சொல்வார். பெரிய இனக் குட்டிகளுக்கென்றே வரும் பாக்கெட் தீனி போடுகிறவர்கள் மேற்கொண்டு கால்சியம் எதுவும் சேர்க்க வேண்டாம். வீட்டுச் சாப்பாடு போடுகிறவர்கள் குட்டியின் எடையைச் சொல்லி, மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது எடை. நம் ஊரில் குட்டி உருண்டு திரண்டு இருந்தால்தான் வளர்த்தவருக்குப் பெருமை. பெரிய இன நாயின் எலும்பு முற்ற 15 முதல் 18 மாதம் ஆகும். ஆனால் ஐந்தாறு மாதத்திலேயே பாதி எடைக்கு மேல் வந்துவிடும். பிஞ்சு எலும்பின் மேல் சதையும் கொழுப்பும் ஏறினால் இடுப்பு மூட்டும் முழங்கை மூட்டும்தான் அடிபடும். அமெரிக்காவில் 48 லேப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவான தீனி போட்டு வாழ்நாள் முழுக்கக் கவனித்தார்கள். 2002-ல் முடிவு வெளியானது. குறைவாகச் சாப்பிட்டவற்றின் நடு ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றின் நடு ஆயுள் 11.2 ஆண்டு. மூட்டுத் தேய்மானமும் தாமதமாகத்தான் வந்தது. இந்த ஆய்வை நடத்தியது பியூரினா என்ற நாய்த் தீனிக் கம்பெனி என்பதுதான் வேடிக்கை.

குட்டி கொழுத்திருக்கிறதா என்று அறிய ஒரு வழி உண்டு. கையை நீட்டி, புறங்கையைத் தடவிப் பாருங்கள். விலா எலும்பும் அப்படித் தட்டுப்பட்டால் சரி. முஷ்டி மடக்கிய விரல் முட்டி மாதிரி துருத்தினால் மெலிவு. உள்ளங்கை மாதிரி மெத்தென்று இருந்தால் கொழுப்பு. தீனியில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மேடையில் நின்று, பிறகு உங்கள் எடையைக் கழித்தால் குட்டியின் எடை வந்துவிடும். நாலு மாதம் வரை வாரம் ஒருமுறை எழுதி வையுங்கள். வயிறு மட்டும் பானை போல உப்பி, முதுகெலும்பு தெரிந்தால் அது சதை அல்ல, குடற்புழுவாக இருக்கலாம்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி வளர்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இவை வேட்டைக்கென்று வளர்ந்த ஒல்லி உடம்புக்காரர்கள். வயிறு ஒட்டி, விலா லேசாகத் தெரிவதுதான் இயல்பு. ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் அஞ்சல் தலையே வந்தது. அந்தப் படத்தில் உள்ளது போலத்தான் உங்கள் நாயும் இருக்க வேண்டும். இளைத்துவிட்டது என்று நெய்ச்சோறு போடாதீர்கள்.

நாலு மாதம் வரை நாளுக்கு மூன்று வேளை, பிறகு இரண்டு வேளை போதும். கால் மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். சோறு அல்லது கேழ்வரகுக் களியோடு வேகவைத்த முட்டை, எலும்பு நீக்கிய கோழிக்கறி, பூசணி நல்லது. வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகாது.

நடமாட்டத்தில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. நார்வேயில் 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், மூன்று மாதத்துக்குள் மாடிப்படி ஏறி இறங்கிய பெரிய இனக் குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு அதிகம் வந்தது; பண்ணையில் பிறந்தவற்றுக்கும், கட்டாமல் ஓடி விளையாடியவற்றுக்கும் குறைவு. உங்கள் களத்து மண்தான் குட்டிக்கு ஏற்ற தரை. ஆரணிப் பக்கம் தறி வீடுகளில் வழுவழு டைல்ஸ் போட்டிருந்தால் குட்டி படுக்கும் இடத்தில் சாக்கு விரியுங்கள். பைக்குப் பின்னால் ஓடவிட்டுப் பழக்குவதை ஒன்றரை வயதுக்குத் தள்ளிவையுங்கள்.

இரண்டு பின்னங்கால்களையும் சேர்த்து முயல் மாதிரி குதித்து ஓடுவது, எழுந்திருக்கத் தயங்குவது, காலைத் தொட்டால் உறுமுவது, இதில் எது தெரிந்தாலும் உடனே கால்நடை மருந்தகம் போங்கள். வலியில் இருக்கும் நாய்தான் வீட்டுக் குழந்தையையும் கடிக்கும். கடித்ததென்று ரோட்டோரம் விட்டுவிட்டால் அதுவும் தெருநாய்க் கணக்கில் சேரும்.

குட்டி வாங்கும்போதே தாய், தகப்பன் இரண்டும் நடப்பதைப் பார்த்து வாங்குங்கள். எட்டு வாரத்துக்குள் குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ம் ஆண்டு மத்திய அரசு விதியே இருக்கிறது. ஒரு மாதக் குட்டியைக் கொடுப்பவரிடம் வாங்காதீர்கள்.