எம்டனுக்கு கைதட்டல்! ஊரே காலியான கதை என்ன ஆச்சு?

ஆகஸ்டு மாதம் வந்தால் சென்னைக்குப் பிறந்தநாள். 22-ந் தேதியைச் சுற்றி ஊரெங்கும் விழா. பழைய போட்டோ கண்காட்சி, பாரம்பரிய நடைப்பயணம், சொற்பொழிவு, பள்ளிப் பிள்ளைகளுக்கு வினாடி-வினா என்று அமர்க்களப்படும். 1639-ம் ஆண்டு ஆகஸ்டு 22-ந் தேதி தாமர்ல நாயக்கரிடம் இருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் ஒரு துண்டு மணல் நிலத்தை எழுதி வாங்கினார்கள் அல்லவா, அந்த நாளை வைத்துத்தான் இந்தக் கொண்டாட்டம். 2004-ல் சிறியதாகத் தொடங்கியது. மறைந்த சரித்திர எழுத்தாளர் எஸ்.முத்தையாவும் அவருடைய நண்பர்களும் போட்ட விதை. இன்று மரமாகி நிற்கிறது.

இது சர்க்கார் விழா அல்ல. யாரும் நடத்தலாம், எங்கேயும் நடத்தலாம். தெருவுக்கு நாலு பேர் சேர்ந்தால் போதும். அதுதான் இந்த விழாவின் அழகு. குறை சொல்ல வேண்டிய விழாவே அல்ல.

ஆனாலும் ஒரு விஷயத்தைக் கேட்டே ஆக வேண்டும். இந்த ஊர் பார்த்த யுத்தங்களில் ஒரே ஒரு ராத்திரிக்குத்தான் மேடை கிடைக்கிறது. மற்ற ராத்திரிகள் எங்கே போயின?

அரை மணி நேர ஹீரோ

அந்த ஒரு ராத்திரி எது என்று சொல்ல வேண்டியதில்லை. 1914 செப்டம்பர் 22. இரவு ஒன்பதரை மணி சுமாருக்கு ஜெர்மன் போர்க் கப்பல் 'எம்டன்' சத்தமில்லாமல் வந்து துறைமுகத்துக்கு எதிரே நின்றது. கேப்டன் வான் முல்லர். சுமார் 130 குண்டுகள். பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் திகுதிகுவென்று எரிந்தன. குறைந்தது 5 பேர் செத்தார்கள். அரை மணி நேரத்தில் வேலையை முடித்துக்கொண்டு கப்பல் கம்பி நீட்டிவிட்டது. நவம்பர் 9-ந் தேதி கோகோஸ் தீவில் ஆஸ்திரேலியக் கப்பல் 'சிட்னி' அதன் கதையை முடித்தது.

ஐகோர்ட்டு மதில் சுவரில் இதற்கு ஒரு கல்வெட்டு இருக்கிறது. கோட்டை மியூசியத்தில் குண்டுச் சில்லு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, தமிழில் ஒரு சொல்லே இருக்கிறது. "அவன் சரியான எம்டன்யா!" என்று இன்றைக்கும் சொல்கிறோம். குண்டு போட்டுவிட்டு ஓடியவனுக்கு ஒரு பட்டமே கொடுத்த ஊர், உலகத்தில் வேறு எங்காவது உண்டா?

விழா மேடைகளில் எம்டன் கதை வந்தால் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போகும். அதோடு ஒரு ஒட்டுக் கதையும் வரும். அந்தக் கப்பலில் செண்பகராமன் பிள்ளை இருந்தார், அவர்தான் வழிகாட்டினார் என்று. கேட்கச் சிலிர்க்கும்தான். ஆனால் உறுதியான ஆதாரம் கிடையாது. ஐரோப்பாவில் இருந்துகொண்டு வெள்ளைக்காரனுக்கு எதிராக வேலை செய்த பெரிய மனுஷர் அவர். அவர் பெருமைக்கு இந்தக் கப்பல் டிக்கெட் தேவையே இல்லை.

சரி, எம்டன் அரை மணி நேரம். 1942?

ஜப்பான்காரன் வர்றான்!

1942 ஏப்ரல். சிங்கப்பூர் விழுந்துவிட்டது. ரங்கூன் விழுந்துவிட்டது. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று கொழும்பில் குண்டு. மறுநாளே விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு. 9-ந் தேதி திருகோணமலையில் குண்டு. அடுத்தது மெட்ராஸ்தான் என்று ஊரெல்லாம் பேச்சு.

சர்க்காரே பயந்துவிட்டது. அவசியமான வேலை இல்லாதவர்கள் ஊரை விட்டுப் போகலாம் என்று சொல்லிவிட்டது. அவ்வளவுதான்! எழும்பூரிலும் சென்ட்ரலிலும் ஜனக்கூட்டம் நெரிந்தது. மாட்டு வண்டி, ஜட்கா, சைக்கிள், கால்நடை. பாத்திரம் பண்டங்களை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, பிறந்த கிராமத்தையும் மாமனார் ஊரையும் பார்த்து ஓடினார்கள். ஐகோர்ட்டே கோயம்புத்தூருக்கு மூட்டை கட்டியது. சர்க்கார் இலாகாக்கள் ஆளுக்கொரு ஊராகப் பிரிந்து போயின.

மிருகக்காட்சி சாலை அப்போது வண்டலூரில் இல்லை. மூர் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், ஜனங்கள் நடந்து போய்ப் பார்க்கும் தூரத்தில் இருந்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் என்ன ஆகும் என்று யோசித்தார்கள். போலீஸ் துப்பாக்கியோடு வந்தது. சிங்கம், புலி, சிறுத்தை, கரடி எல்லாவற்றையும் கூண்டுக்குள்ளேயே வைத்துச் சுட்டார்கள். ஜப்பான்காரன் ஒரு குண்டும் போடுவதற்கு முன்னாலேயே மெட்ராசில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது, சொந்த சர்க்காரின் துப்பாக்கிச் சத்தம்.

கடைசியில் ஜப்பான் கப்பற்படை வரவே இல்லை. திரும்பிப் போய்விட்டது. போன ஜனங்கள் மெள்ள மெள்ளத் திரும்பி வந்தார்கள். வீட்டில் பூட்டு இருந்தவன் பாக்கியவான்.

மறு வருஷம் 1943 அக்டோபரில் நிஜமாகவே குண்டு விழுந்தது. ஒரே ஒரு விமானம், துறைமுகப் பக்கம். ஆனால் அந்த நாட்களில் ஊரில் பேய் மழை, கூவத்தில் வெள்ளம். வெள்ளத்தில் தவித்த ஜனங்களில் பலருக்கு குண்டு விழுந்ததே தெரியாது!

பயந்து ஓடிய வருஷம் வராத குண்டு, யாரும் எதிர்பார்க்காத மழை ராத்திரியில் வந்தது. சினிமாவில் காட்டினால் நம்பமாட்டார்கள். இந்தக் கதைக்கு மேடை வேண்டாமா?

பெரிசுகள் வாயில் இன்னும் இருக்கு

பழைய மெட்ராஸ் வீடுகளில் 'எவாக்குவேஷன்' என்ற சொல் தமிழ்ச் சொல்லாகவே புழங்கியது. "எவாக்குவேஷன் வருஷம் பொறந்தவ" என்று வயது கணக்குச் சொன்ன பாட்டிகள் உண்டு. ஜன்னல் கண்ணாடியில் கறுப்புக் காகிதம் ஒட்டியது, ஏ.ஆர்.பி.காரர் தெருவில் நின்று "வெளக்க அணைங்கம்மா" என்று அதட்டியது, சைரன் ஊதினால் வெட்டிய குழிக்குள் போய்ப் பதுங்கியது, அரிசிக்கு ரேஷன் வந்தது. இதெல்லாம் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு.

அன்றைக்குப் பத்து வயசுப் பையன் இன்றைக்குத் தொண்ணூறைத் தாண்டிய கிழவர். கணக்குப் போட்டுப் பார்த்தால் பகீர் என்கிறது. இன்னும் எத்தனை ஆகஸ்டு மாதம் அவர் வருவார்? கோட்டைச் சுவர் அடுத்த வருஷமும் இருக்கும். ஐகோர்ட்டுக் கல்வெட்டும் இருக்கும். மாடி அறையில் கட்டிலில் படுத்திருக்கும் பெரியவர் இருப்பாரா?

நடைப்பயணத்தில் கட்டடத்தைக் காட்டுகிறோம், சந்தோஷம். கட்டடம் பேசாது. பேசக்கூடிய ஆளை வீட்டில் விட்டுவிட்டுக் கட்டடத்தைப் போட்டோ பிடிப்பது என்ன நியாயம்?

அத்தோ ருசி தெரியும், அழுகை தெரியுமா?

பாரிமுனைப் பக்கம், கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே சாயங்காலம் போனால் அத்தோ கடைகளில் நிற்க இடம் இருக்காது. பர்மா நூடுல்ஸ், மேலே வாழைத்தண்டு சூப்பு, பொரித்த வெங்காயம், முட்டை பேஜோ. விழா வாரத்தில் 'சாப்பாட்டு நடை' என்று கூட்டிப்போனால் முதல் நிறுத்தம் பெரும்பாலும் அங்கேதான்.

அந்தத் தட்டு எப்படி வந்தது? ரங்கூனில் பிழைத்தவர்கள் கொண்டுவந்தது. 1941 டிசம்பர் 23-ந் தேதி ரங்கூன் மீது ஜப்பான் விமானங்கள் குண்டு மழை பொழிந்தன. காசு இருந்தவன் கப்பல் ஏறினான். இல்லாதவன் நடந்தான். நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் காடு, மலை தாண்டி அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். காலரா, மலேரியா, பசி. பல ஆயிரம் பேர் வழியிலேயே விழுந்தார்கள். செத்த பிள்ளையைப் பாதையோரம் வைத்துவிட்டு நடந்த தாய்மார்கள் உண்டு. அந்தப் பாதையிலும் வெள்ளைத்தோலுக்கு ஒரு வழி, கறுப்புத்தோலுக்கு ஒரு வழி என்று பிரித்தார்கள் என்று புகார் எழுந்தது. காங்கிரஸ் கட்சி தீர்மானம் போட்டுக் கண்டித்தது.

யுத்தம் முடிந்து சிலர் மறுபடியும் பர்மாவுக்குப் போனார்கள். 1960-களில் நெவின் ஆட்சி கடைகளையும் கம்பெனிகளையும் தேசியமயமாக்கியதும் மறுபடியும் துரத்தப்பட்டார்கள். கப்பல் கப்பலாக மெட்ராஸ் வந்து இறங்கினார்கள். அவர்கள் பிழைக்க 1969-ல் அமைந்ததுதான் பர்மா பஜார். டேப்ரிக்கார்டர், சென்ட்டு பாட்டில், வெளிநாட்டுத் துணி என்று ஒரு காலத்தில் தமிழ்நாடே அங்கே போய் நின்றதே, அதே பஜார்.

ஆக, அத்தோ என்பது வெறும் நொறுக்குத் தீனி இல்லை. இரண்டு தடவை ஊரை இழந்த ஜனங்களின் கைமணம். அந்தக் குடும்பத்துப் பெரியம்மா ஒருவரை விழா மேடையில் உட்கார வைத்து, "சொல்லுங்கம்மா" என்று மைக்கைக் கொடுத்தால் ஆகாதா? சட்டினி அரைக்கக் கூப்பிடுவதோடு சரியா?

மலாயாவுக்குப் போனவர்கள் கதை இன்னும் மோசம். 'ரஜூலா' கப்பலில் ஏறி பினாங்கு போன தோட்டத் தொழிலாளிகளைப் பிடித்துக்கொண்டு போய், 415 கிலோ மீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதை போட வைத்தான் ஜப்பான்காரன். வெள்ளைக்காரக் கைதிகள் 12 ஆயிரத்துக்கு மேல் செத்தார்கள். அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறை உண்டு. ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு செத்தார்கள், அதில் ஏராளமானவர்கள் தமிழர்கள். அவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர்ப் பட்டியல்கூடக் கிடையாது.

பெயர் என்றால் நந்தம்பாக்கம் நினைவுக்கு வருகிறது. அங்கே போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 800-க்கும் மேற்பட்ட சமாதிகள். புல் வெட்டி, பூச்செடி வைத்து, கண்ணாடி மாதிரி வைத்திருக்கிறார்கள். பஸ்சில் போகிறவர்கள் 'ஏதோ பார்க்கு' என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள்.

தூக்குமேடை எங்கே?

இன்னொரு இடம். சென்ட்ரலுக்குப் பக்கத்தில் பழைய மத்திய சிறை. 1943 செப்டம்பர் 10-ந் தேதி விடியற்காலை அங்கே வக்கம் காதர் உட்பட இந்திய தேசிய ராணுவத்தைச் சேர்ந்த நால்வர் தூக்கிலிடப்பட்டார்கள். மலாயாவில் பயிற்சி பெற்று, ரகசியமாக நாட்டுக்குள் வந்து பிடிபட்டவர்கள். காதருக்கு வயது 26. சிறை புழலுக்குப் போனது. 2009-ல் பழைய கட்டடத்தை இடித்தார்கள். இடம் மருத்துவக் கல்லூரிக்குப் போனது. நல்ல காரியம்தான். இந்தக் கல்லூரியில் படித்த டாக்டர் லட்சுமி சுவாமிநாதன்தானே சிங்கப்பூரில் நேதாஜியின் ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமி! அதே வளாகத்து மண்ணில் இந்த இரண்டு கதையும் இருக்கிறது. அங்கே ஸ்டெதாஸ்கோப்போடு நடக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? நடைப்பயணக்காரர்கள் அங்கே ஒரு கால் மணி நேரம் நிற்கலாமே!

"பிறந்தநாள் விழாவில் சாவுச் செய்தி எதுக்குங்க?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். நியாயமான கேள்விதான். குதூகலமாகக் குடும்பத்தோடு வருகிற இடம். ஆனால் எம்டன் ராத்திரியிலும் ஐந்து உயிர் போனதே, அதற்கு மட்டும் எப்படிக் கைதட்டுகிறோம்? தூரம் ஆகிவிட்டால் சாவும் கதையாகிவிடுகிறது. 1942 இன்னும் அவ்வளவு தூரம் ஆகவில்லை. அதனால்தான் உறுத்துகிறது.

"அது வெள்ளைக்காரன் சண்டை, நமக்கென்ன?" என்று இன்னொரு கட்சி. சண்டை அவனுடையதுதான். ஓடியது யார்? ரேஷனில் நின்றது யார்? பட்டாளத்துக்குப் போன 25 லட்சம் இந்தியர் யார்? மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் கம்பெனி வருவதற்குப் பல நூற்றாண்டு முன்னாலேயே இருந்த ஊர்கள், 1639 கணக்கே தப்பு என்று வாதாடுகிறவர்களும் உண்டு. அந்த வாதத்தில் சரக்கு இருக்கிறது. அப்படியானால் கம்பெனி கதையைக் குறைத்து, ஜனங்கள் கதையைக் கூட்டுவதற்கு இது இன்னொரு காரணம்தானே?

செலவு ஒன்றும் பெரிதில்லை. கையில் இருக்கும் செல்போனே போதும், ரெக்கார்டு செய்யலாம். பள்ளிக்கூடங்களில் கட்டுரைப் போட்டி வைப்பதற்குப் பதிலாக, "உங்கள் தெருவில் தொண்ணூறு வயதானவர் யார்? போய்க் கேட்டு எழுதி வா" என்று ஒரு வேலை கொடுக்கலாம். பரணில் கிடக்கும் தகரப் பெட்டியில் ரங்கூன் கடிதமோ, கப்பல் சீட்டோ, பழைய ரேஷன் கார்டோ இருந்தால், கறையான் தின்பதற்குள் கண்காட்சி மேஜைக்கு வரட்டும். காட்டிவிட்டுப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அது ரொம்ப முக்கியம். வாங்கிப்போன போட்டோ திரும்பி வராத வீடுகள் இந்த ஊரில் நிறைய.

அடுத்த விழாவுக்கு நோட்டீசு அடிக்கும்போது, ஒரு மாலை நேரத்தை மட்டும் இதற்கு ஒதுக்கினால் போதும். பர்மா பஜார் பக்கம் ஒரு பந்தல், பத்து நாற்காலி, ஒரு மைக். பெரியவர்களுக்குப் படியேற முடியாது, அதனால் மாடி மண்டபம் வேண்டாம். ஆறு மணிக்குள் முடித்து, ஆட்டோ வைத்து வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும்.