கடாரத்துக்கு ஒரு மணி நேரம் போதுமா?

நீண்ட விடுமுறை வந்துவிட்டால் வார இறுதிச் சுற்றுலாவுக்குப் பேருந்து பிடிக்கிறோம். கெடா என்றால் பூஜாங் பள்ளத்தாக்கு பட்டியலில் தவறாமல் இருக்கும். ஆனால், லங்காவிப் படகைப் பிடிக்கும் அவசரத்தில் மெர்போக் அரும்பொருளகத்துக்குக் கிடைப்பதோ ஒரு மணி நேரம். புக்கிட் பத்து பஹாட் சண்டியின் முன் குழுப்படம் எடுக்கும்போது, "இராஜேந்திர சோழன் கட்டிய கோயில்!" என்று ஒருவர் முழங்குவார். கைதட்டல் எழும்.

இராஜேந்திரன் 1025-இல் கடாரத்தின்மீது படையெடுத்தான். அவன் அங்கே கோயில் கட்டியதாகச் சான்றில்லை. அந்தச் சண்டியின் மண்டபத்தைக் குனிந்து பார்த்தால் மரத்தூண்களைத் தாங்கிய கற்கள் தெரியும். சோழநாட்டுக் கற்றளியில் காணாத அமைப்பு இது. சுங்கை பத்துவிலோ, 2009 முதல் நடந்த அகழாய்வில் இரும்பு உருக்கிய தடயங்களும் படகுத்துறையின் எச்சங்களும் வெளிப்பட்டன. வணிகரும் கொல்லரும் வாழ்ந்த ஊரின் கதையை நாம் ஒரு மன்னன் பெயரோடு முடித்துவிடுகிறோம்.

2013-இல் வீடமைப்புக்காக நிலத்தைச் சமன்படுத்தியபோது ஒரு சண்டியே அழிக்கப்பட்டது செய்தியானது. அதன்பின்தான் அப்படியொன்று இருந்ததே நம்மில் பலருக்குத் தெரிந்தது. கடாரம் நம் பெருமை என்று மேடைதோறும் பேசுகிற நமக்கு இது அழகா?

ஒரு வார இறுதியை முழுவதுமாக மெர்போக்கிலேயே கழிப்போம். சுற்றுவட்டாரத் தமிழ்ப்பள்ளி மாணவர்களையும் உடன் அழைப்போம். ஒவ்வொரு சண்டிக்கும் எளிய தமிழில் விளக்கக் கையேடு எழுதும் பொறுப்பை நம் கழகம் ஏற்கட்டும். வரலாற்றுத் துறையினர் தொடங்கினால் பொறியியல் மாணவர்கள் இரும்பு உலைகளைப் பற்றி எழுதலாம். செலவு கூடும் என்பார்கள். லங்காவிப் படகுச் சீட்டை விட்டுவிட்டால் அதில் பாதி சரிக்கட்டப்படும்.